மலைக்குப் போகும் வீதியில் வாய் திறப்போம்

சிவனொளிபாதமலைப் பருவகாலம் டிசம்பர் மாதப் பூரணை தினத்தில் தொடங்கி, மே மாத வெசாக் பூரணையுடன் முடிவடைகின்றது. இந்த மாதங்களில் திருகோணமலை நகரத்திலிருந்தும், தம்பலகாமம், கந்தளாய், மூதூர், குச்சவெளி போன்ற இடங்களிலிருந்தும் வான்களும் சிறிய பஸ்களும் ஹட்டனை நோக்கிப் புறப்படுகின்றன. இந்தப் பயணங்களுக்கு ஆட்களைச் சேர்ப்பவர்கள், ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேகரிப்பவர்கள், புளிச்சாதம் கட்டுபவர்கள், பிள்ளைகளின் குளிர் உடுப்பை இரவல் வாங்குபவர்கள் பெரும்பாலும் பெண்களே. கணவனை இழந்தவர்களும், காணாமற்போன மகனுக்காக நேர்த்தி வைத்தவர்களும், பிள்ளையின் படிப்புக்காக வேண்டிக்கொண்டவர்களும் அவர்களில் அடங்குவர்.

மலையைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் படிகளைப் பற்றித்தான் கதைப்பார்கள். "ஐயாயிரத்துக்கு மேல படியாம், என்ர முழங்கால் தாங்குமோ?" என்பதுதான் முதற் கேள்வி. படிகள் கடினமானவைதான். மலையின் உயரம் 2,243 மீற்றர். ஆனால் படியில் களைத்தால் உட்காரலாம். தேநீர்க் கடையில் நின்று மூச்சு வாங்கலாம். முடியாவிட்டால் பாதியில் திரும்பலாம். அங்கே நமது கால் நமது சொற்படி நடக்கும். அந்தப் படிக்குப் போய்ச் சேரும் வீதியில் அப்படியில்லை. அங்கே பதினைந்து பேரின் உயிர் ஒரு சாரதியின் காலடியில் இருக்கும் பிறேக்கில் தங்கியிருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

நான் சமூகப் பணியாளராகப் பல கிராமங்களுக்குச் செல்பவள். பயணம் போய் வந்த பெண்களிடம் கதைத்தபோது விளங்கிய ஒரு விடயத்தையே இங்கு எழுதுகிறேன். பயப்படுத்துவதற்காக அல்ல. போக வேண்டாம் என்று சொல்வதற்காகவும் அல்ல. போய்ப் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும் என்பதற்காகவே.

வீதி எப்படிப்பட்டது?

திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர். தம்புள்ளை வரை பெரும்பாலும் சமதரை. நமது சாரதிகள் பழகிய வீதி அதுதான். கந்தளாய் வரையுள்ள 40 கிலோமீற்றரை ஒரு மணித்தியாலத்துக்குள் ஓடிவிடுவார்கள். மாத்தளையை நெருங்கும்போது ஏற்றம் ஆரம்பமாகும். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது.

கண்டியைக் கடந்து பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை, வட்டவளை வழியாக ஹட்டனுக்குப் போக வேண்டும். ஹட்டன் 1,200 மீற்றருக்கும் மேலே உள்ளது. இந்த இடைவழியில் உள்ள வட்டவளை, இலங்கையில் மிகக் கூடுதலாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. நமது பக்கம் வெயில் எரிக்கும் நாளிலும் அங்கே வீதி நனைந்திருக்கலாம்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாக மலையடிவாரமான நல்லதண்ணிக்கு முப்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். கந்தளாய்க்குப் போகும் தூரத்தைவிடக் குறைவுதான். ஆனால் பருவகாலத்தில் ஒன்றரை மணித்தியாலம் கூட எடுக்கும். தார் போட்ட வீதிதான் என்றாலும் ஒடுக்கமானது. ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் பள்ளம். சில இடங்களில் பள்ளத்துக்குக் கீழே காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களின் தண்ணீர் தெரியும். பழைய மஸ்கெலியா நகரம் 1960களின் பிற்பகுதியில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கியது. வரட்சிக் காலத்தில் நீர் வற்றினால் பழைய கோயிலின் எச்சங்கள் வெளியே தெரியும். பார்க்க அழகான வழி. ஆனால் பயணிகள் பார்க்கலாம், சாரதி பார்க்கக் கூடாது.

மழைநீர் தாரின் ஓரத்தை அரித்துவிடுவதால் கரைப்பகுதி மேலே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே இளகியிருக்கலாம். எதிரே பஸ் வரும்போது ஓரத்துக்கு ஒதுங்கும் வான் அந்த மண்ணில் சில்லை வைத்தால் சரிய இடமுண்டு. ஒவ்வொரு முடக்கிலும் எதிரே வருவது என்ன என்பது கடைசி நிமிடம் வரை தெரியாது. பெரிய பஸ் முடக்கில் திரும்புவதற்கு வீதியின் முழு அகலமும் வேண்டும். ஆகவே முடக்குக்கு முன் ஹோர்ன் அடித்து, வேகத்தைக் குறைத்து, எதிர்வண்டிக்கு இடம் விட்டே திரும்ப வேண்டும். ஏறிவரும் வாகனத்துக்கு இறங்கிவரும் வாகனம் வழிவிடுவதே மலை வீதியின் ஒழுங்கு. ஏற்றத்தில் நிறுத்திய வாகனத்தை மறுபடி எடுப்பது கடினம் என்பதே அதற்குக் காரணம். சமதரையில் மட்டும் ஓடிப் பழகிய சாரதிக்கு இவை கையில் வந்திராது. அவர் கெட்ட சாரதி அல்ல, பழக்கமில்லாத சாரதி.

நாம் ஏன் வாய் திறப்பதில்லை?

பயணம் போகும் குழுவில் முன் ஆசனத்தில் யார் இருப்பது என்று கவனித்திருக்கிறீர்களா? குழு முழுவதும் பெண்களாக இருந்தாலும், பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் இருந்தால் அவனைத்தான் முன்னுக்கு இருத்துவார்கள். "ஒரு ஆம்பிளைப் பிள்ளை முன்னுக்கு இருக்கட்டும்" என்பார்கள். அந்தப் பையன் சாரதியுடன் சேர்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு வருவான். பின்னால் இருக்கும் தாய்மார் முடக்குகளில் கண்ணை மூடிக்கொண்டு தேவாரமோ துஆவோ சொல்வார்கள்.

வான்காரருடன் வாடகை பேசுவது யார்? நாம்தான். அரிசி விலையையும் மீன் விலையையும் பேரம் பேசுவதுபோல ஆயிரம் ரூபா குறைத்தும் விடுவோம். ஆனால் ரயர் எப்படி, பிறேக் எப்படி, நேற்று இரவு நித்திரை கொண்டீரா என்று கேட்பதில்லை. அது "ஆம்பிளையளின்ர விஷயம்" என்று விட்டுவிடுகிறோம். வீட்டில் அந்த விடயத்தைக் கேட்பதற்கு ஆண் இல்லாத போதும் விட்டுவிடுகிறோம்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்மில் முப்பத்தைந்து, நாற்பது வயதைக் கடந்தவர்கள் வாகனத்தில் வாய் மூடி இருக்கப் பழக்கப்பட்டவர்கள். யுத்த காலத்தில் பஸ்ஸில் ஏறும்போதே "கதைக்காதேங்கோ, ஆரும் கேட்டால் மட்டும் சொல்லுங்கோ" என்று சொல்லித்தான் நம்மை அனுப்பினார்கள். சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து, மறுபடி ஏறினோம். மூதூர், கிண்ணியாப் பக்கத்தவர்கள் பாதைக்கும் படகுக்கும் மணிக்கணக்கில் காத்து நின்றார்கள். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே கிண்ணியாத் துறையின் காத்திருப்பு முடிவுக்கு வந்தது. எந்த வழியால், எந்த நேரத்தில், எப்படிப் போவது என்பதை அன்று நாம் தீர்மானிக்கவில்லை. யாரோ தீர்மானித்தார்கள், நாம் ஏறி இருந்தோம். உயிர் தப்ப அந்த மௌனம் அன்று தேவைப்பட்டது.

இன்று வாடகை கொடுப்பவர்கள் நாம். வழியையும் நேரத்தையும் தீர்மானிப்பவர்களும் நாமாகவே இருக்கலாம். அன்றைய மௌனத்தை இந்த வீதிக்கும் கொண்டுபோகத் தேவையில்லை. தாயும் தகப்பனுமாக நின்று பிள்ளைகளை வளர்ப்பவள் பள்ளத்தில் விழுந்தால், அந்தப் பிள்ளைகள் இரண்டாம் முறை அநாதைகளாவார்கள். "தம்பி, கொஞ்சம் மெதுவாப் போங்கோ" என்ற ஒரு வசனத்தைச் சொல்ல வெட்கப்பட்டு அந்த நிலைக்கு வரலாமா?

நடந்தவை சொல்லும் பாடம்

இலங்கையில் ஒவ்வோர் ஆண்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். மலையக வீதிகளில் நடப்பவை பெருந்தொகையான உயிர்களை ஒரே நேரத்தில் கொண்டுபோய்விடுகின்றன. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயாவில் ரதெல்ல குறுக்கு வீதியில், சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பஸ் எதிரே வந்த வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் கொத்மலைப் பகுதியில் கரண்டியெல்லவில் பள்ளத்தில் விழுந்தது. அதில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்லப் பகுதியில் சுற்றுலா முடித்துத் திரும்பிய பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள்.

இறந்தவர்களில் பலர் நம்மைப்போலப் புண்ணிய யாத்திரையோ சுற்றுலாவோ போனவர்கள், அல்லது அந்த வழியால் வீடு திரும்பியவர்கள். மூன்றும் ஏற்ற இறக்கமும் முடக்கும் நிறைந்த வீதிகளில் நடந்தவை. இந்த வீதிகளில் வாகனத்தை ஏமாற்றுவது பெரும்பாலும் ஏற்றம் அல்ல, இறக்கமே. அது ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது.

இறக்கத்தில் பிறேக் ஏன் கைவிடுகிறது?

இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தி வேகமாகத் தேய்த்துப் பாருங்கள், சூடு வரும். பிறேக்கின் வேலையும் அதுதான். சாரதி காலால் அழுத்தும்போது, சுழலும் சில்லோடு இருக்கும் உலோகத்தில் பிறேக் கட்டை உரசுகிறது. வாகனத்தின் வேகம் சூடாக மாறி வெளியேறுகிறது. சமதரையில் எப்போதாவது அழுத்துவதால் சூடு ஆற நேரம் கிடைக்கும். நீண்ட இறக்கத்தில் கால் எடுக்காமல் அழுத்திக்கொண்டே வந்தால் ஆற நேரமில்லை. அளவுக்கு மேல் சூடானால் பிறேக் கட்டையின் பிடி குறைந்துவிடும். பிறேக் ஒயில் பழையதாக இருந்தால் அதில் ஈரம் சேர்ந்திருக்கும். அந்தச் சூட்டில் ஒயில் கொதித்துக் குமிழி வரும். அப்போது பிறேக்கை மிதித்தால் பஞ்சை மிதிப்பதுபோல் கால் உள்ளே போகும், வாகனம் நிற்காது. வீட்டில் நிற்கும்போது நன்றாக வேலைசெய்த பிறேக்தான் இறக்கத்தில் இப்படி ஆகிறது. "பிறேக் எல்லாம் சரி அக்கா" என்று சாரதி திருகோணமலையில் சொல்வது பொய்யல்ல. ஆனால் அது மட்டும் போதாது.

இதற்கு மருந்து கியரில் இருக்கிறது. குறைந்த கியரில், அதாவது முதலாம் அல்லது இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சினே வாகனத்தை இழுத்துப் பிடிக்கும். பிறேக்கை இடையிடையே அழுத்தி விட்டால் போதும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது பழைய மலையகச் சாரதிகளின் விதி. தானாகக் கியர் மாறும் வாகனமானால் அதிலும் இறக்கத்துக்கென்று குறைந்த நிலை ஒன்று இருக்கும். சாரதி அதைப் பாவிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எரிபொருளை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் கியரை நியூட்டிரலில் விட்டு வாகனத்தை உருளவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. எரிபொருள் விலை ஏறிய 2022 நெருக்கடிக்குப் பின் இதைக் கெட்டித்தனமாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி விட்டால் எஞ்சினின் பிடி முற்றாகப் போய், முழுப் பாரமும் பிறேக்கில் விழும். எஞ்சினையே நிறுத்திவிட்டால் பிறேக்கும் ஸ்ரியரிங்கும் இறுகிவிடும். நூறு ரூபா டீசலுக்காகப் பதினைந்து உயிரைப் பணயம் வைக்கும் வேலை இது.

வாகனம் ஓட்டத் தெரியாத நமக்கும் சில அடையாளங்கள் தெரியும். இறக்கத்தில் எஞ்சின் சத்தம் கேட்காமல் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டால், வாகனம் உருளவிடப்பட்டிருக்கலாம். ரப்பர் எரிவதுபோல் மணம் வந்தால், பிறேக் சூடேறியிருக்கலாம். சாரதி பிறேக்கை அடிக்கடி குத்திக் குத்தி மிதித்தால், பிடி குறைந்திருக்கலாம். இவற்றில் எது நடந்தாலும் "தம்பி, வசதியான இடமாப் பார்த்து நிப்பாட்டுங்கோ, பிள்ளை சத்தி எடுக்கப் போறான்" என்றாவது சொல்லுங்கள். அரைமணி நேரம் ஆறவிட வேண்டும். சூடேறிய பிறேக்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நிறுத்தும்போது சில்லின் கீழ்ப்பக்கம் ஒரு கல்லோ மரக்கட்டையோ வைப்பதை நாம் இறங்கியே செய்யலாம். மலையக பஸ் நடத்துநர்கள் கட்டையோடு இறங்கி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

நித்திரை கொள்ளாத சாரதி

பிறேக்கைவிடப் பெரிய ஆபத்து நமது பயண ஒழுங்கிலேயே இருக்கிறது. வழமையாக என்ன செய்கிறோம்? பகல் வேலையை முடித்துப் பின்னேரம் புறப்படுகிறோம். நடுநிசியில் நல்லதண்ணிக்குப் போகிறோம். சூரிய உதயம் பார்ப்பதற்காக உடனே ஏறுகிறோம். "வாருங்கோ தம்பி, நீங்களும் புண்ணியம் தேடிக்கொள்ளுங்கோ" என்று அன்பாகச் சாரதியையும் கூட்டிக்கொண்டு போகிறோம். காலை பத்து, பதினொரு மணிக்கு இறங்கிக் குளித்து, சாப்பிட்டு, அதே வெயிலில் திரும்புகிறோம். நாம் ஆசனத்தில் தலை சாய்த்து உறங்குகிறோம். முதல்நாள் காலையில் எழும்பிய சாரதி, இருபத்து நான்கு மணித்தியாலத்துக்கு மேல் விழித்திருந்து, ஐயாயிரம் படி ஏறி இறங்கிய காலோடு, ஹட்டனிலிருந்து இறக்கத்தில் ஓட்டுகிறார்.

ஒரு நாள் முழுவதும் விழித்திருப்பவரின் கவனமும் கையின் வேகமும், சட்டம் அனுமதிக்கும் அளவைத் தாண்டி மது அருந்தியவரின் நிலைக்குப் போய்விடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. குடித்த சாரதியின் வாகனத்தில் நாம் ஏறமாட்டோம். நித்திரை இல்லாத சாரதியின் வாகனத்தில் நாமே அவரை ஏற்றி விடுகிறோம். கோப்பியும் பாட்டும் சிறிது நேரத்துக்குத்தான் உதவும். நித்திரைக்கு மருந்து நித்திரைதான்.

சாரதியை மட்டும் குறை சொல்ல முடியாது. பல சாரதிகளுக்கு வாகனம் சொந்தமில்லை. பயணத்துக்கு இவ்வளவு என்றே கூலி. திரும்பிய மறுநாள் காலை இன்னொரு ஓட்டம் என்று உரிமையாளர் சொல்லியிருப்பார். "எனக்கு நித்திரை வருது" என்று சொன்னால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்களோ என்ற பயம் அவருக்கும் உண்டு. நாம் கேட்டால்தான் அவராலும் வாய் திறக்க முடியும்.

நான் பணிபுரியும் ஒரு கிராமத்தின் சிறுசேமிப்புக் குழுவினர் கடந்த பருவத்தில் ஒரு புதிய ஒழுங்கு செய்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, வழியில் இரண்டு இடத்தில் ஆறி, வெளிச்சம் இருக்கும்போதே நல்லதண்ணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். குழுத் தலைவி சாரதியிடம் சொன்னார்: "தம்பி, மலை ஏறுறது நாங்கள். நீங்கள் ஏற வேண்டாம். உங்களுக்கு அறைக்குக் காசு நாங்கள் தாறம். படுத்து எழும்புங்கோ." முதலில் அவர் சிரித்தாராம். பிறகு படுத்துவிட்டார். அறை வாடகையைப் பங்கிட்டபோது ஆளுக்கு நூற்றைம்பது ரூபா கூட வரவில்லை. அவர்கள் ஏறி இறங்கி வந்தபோது சாரதி முகம் கழுவித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாராம். அந்தக் குழுவில் இருந்த ஒரு தாய், "திரும்பி வரேக்க எனக்கும் பயமில்லாமல் நித்திரை வந்தது" என்று சொன்னார்.

மழையும் பனிமூட்டமும் மண்சரிவும்

பருவகாலத்திலும் பிற்பகலில் மழையும் மாலையில் பனிமூட்டமும் வரும். பனிமூட்டத்தில் முன்விளக்கைக் கூடிய வெளிச்சத்தில் போட்டால், அந்த ஒளி வெண்திரையில் பட்டு சாரதியின் கண்ணுக்கே திரும்பும். விளக்கைத் தாழ்த்தி, மெதுவாக, வீதியின் ஓரக் கோட்டைப் பார்த்தே ஓட வேண்டும். கண்ணாடி உட்புறமாக மங்கினால் துடைத்துவிட முன் ஆசனத்தில் ஒரு துணி இருக்கட்டும். ஒன்றும் தெரியாவிட்டால் அகலமான இடத்தில் நிறுத்திக் காத்திருப்பதே நல்லது.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலை நாம் மறந்திருக்க மாட்டோம். நமது மாவட்டத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, மூதூர், வெருகல் பக்கத்து மக்கள் வெள்ளத்தில் வீடு விட்டு வெளியேறினார்கள். அதே புயல் கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மண்சரிவாக வந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மலையக வீதிகளும் ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தன. ஒரு முறை சரிந்த மலைச்சாய்வு அடுத்த பெருமழையிலும் சரியக்கூடும். புதிதாகத் திருத்திய வீதியின் கரை இறுக நாளெடுக்கும்.

ஆகவே புறப்படும் முன் இரண்டு நாட்களுக்கு வானிலை அறிக்கையையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையையும் வானொலியில் கேட்டுக்கொள்ளுங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். நேர்த்திக்கடன் ஒரு கிழமை பிந்தினால் சாமி கோபிக்காது. வழியில் மேட்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் திடீரென வீதிக்கு வந்தாலோ, சிறு கற்கள் உருண்டாலோ, மரங்கள் வழமைக்கு மாறாகச் சரிந்து நின்றாலோ அந்த இடத்தில் நிற்க வேண்டாம், கடக்கவும் வேண்டாம். பின்னுக்கு வந்து பாதுகாப்பான இடத்தில் நின்று விசாரியுங்கள்.

அந்த வீதியில் வாழ்பவர்கள்

இது நமக்கு ஆண்டுக்கொரு முறை போகும் வீதி. நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் தோட்டங்களில் வாழும் பெண்களுக்கு இது அன்றாட வீதி. கொழுந்துக் கூடையோடு அதன் ஓரத்தில்தான் நடக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் அதே முடக்குகளைச் சுற்றித்தான் பாடசாலைக்குப் போகிறார்கள். பிரசவ வலி வந்தால் உள்தோட்டத்துக் கல் வீதியால் வந்து, இந்த வீதியில் ஏறித்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வடக்கு கிழக்குக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் நமது மாவட்டத்திலும் இருக்கின்றன. அவர்களின் உறவுகள் அந்த லயன்களில்தான் இன்றும் இருக்கிறார்கள்.

ஆகவே வேகத்தைக் குறைப்பது நமது பதினைந்து பேருக்காக மட்டுமல்ல. வீதியோரம் போகும் அந்தப் பிள்ளைகளுக்காகவும்தான். வழி தெரியாத இடத்தில் அந்தப் பெண்களிடமே கேளுங்கள். எந்த முடக்கு மோசம், எங்கே மண் சரிந்தது, எந்த நேரத்தில் பனி இறங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

வானுக்கு மாற்று உண்டா?

உண்டு. திருகோணமலையிலிருந்து இரவு ரயிலில் கொழும்புக் கோட்டைக்குப் போய், அங்கிருந்து மலையக ரயிலில் ஹட்டனில் இறங்கலாம். பருவகாலத்தில் ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு பஸ்கள் ஓடும். அவற்றின் சாரதிகளுக்கு ஒவ்வொரு முடக்கும் பழக்கமானது. சுற்று வழிதான், நேரமும் கூட எடுக்கும். சிறு குழுவாகப் போகிறவர்களுக்குச் செலவு குறைவு. புயலில் சேதமடைந்த பாதை என்பதால் ஹட்டன் ரயில் ஓடுகிறதா என்று முதலிலேயே நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். வானில் ஹட்டன் வரை போய், அங்கே வானை நிறுத்திவிட்டு, கடைசி முப்பது கிலோமீற்றரை உள்ளூர் பஸ்ஸில் போகிறவர்களும் உண்டு. சாரதிக்கு ஓய்வும் கிடைக்கும், மோசமான வீதியும் பழகியவரின் கையில் இருக்கும்.

வாடகை பேசும்போது கேளுங்கள்

சகோதரிகளே, இந்தப் பகுதியை வெட்டி எடுத்து உங்கள் குழுவில் வாசியுங்கள்.

1. சாரதி மலை வீதியில் முன்பு ஓடியிருக்கிறாரா? எத்தனை முறை? அந்த வாகனத்துக்குரிய அனுமதிப்பத்திரம் அவரிடம் இருக்கிறதா?

2. பிறேக் கட்டையும் பிறேக் ஒயிலும் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன? நான்கு ரயர்களிலும் வெட்டு இருக்கிறதா? விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கையாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

3. வாடகைக்கு ஓடுவதற்கான காப்புறுதி இருக்கிறதா? சொந்தப் பாவனைக்கான காப்புறுதி மட்டும் இருந்தால், விபத்து நேரத்தில் பயணிகளுக்கு இழப்பீடு கிடைப்பது சிக்கலாகலாம்.

4. ஆசனங்களுக்கு மேல் ஆட்களை ஏற்ற வேண்டாம். பாரம் கூடினால் இறக்கத்தில் பிறேக்குக்கு வேலையும் கூடும். இரண்டு பேரின் காசைச் சேமிக்க எல்லோரையும் நெருக்க வேண்டாம்.

5. முன் ஆசனத்தில் வயது வந்த, விழித்திருந்து சாரதியுடன் கதைக்கக்கூடிய ஒரு பெண் இருக்கட்டும். முன் ஆசனத்தில் இருப்பவர் பட்டி அணிவது 2011இலிருந்து சட்டம். மற்ற ஆசனங்களில் பட்டி இருந்தால் அங்கும் அணியுங்கள்.

6. வெளிச்சத்தில் போய், வெளிச்சத்தில் மலையை விட்டு இறங்கும்படி நேரத்தை ஒழுங்கு செய்யுங்கள். சாரதியின் அறைக்கான காசை வாடகையோடு சேர்த்தே சேகரியுங்கள். "சாரதி மலை ஏறுவதில்லை, படுப்பார்" என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

7. வேகத்தைக் குறைக்கச் சொன்னால் குறைக்க வேண்டும் என்பதையும் வாடகை பேசும்போதே சொல்லுங்கள். முற்பணம் மட்டும் கொடுத்து, மிகுதியைத் திரும்பி வந்த பின் கொடுங்கள்.

8. இந்த இலக்கங்களைக் கையடக்கத் தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்: பொலிஸ் அவசர சேவை 119. இலவச அம்புலன்ஸ் சேவையான சுவசெரிய 1990. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. பஸ்ஸில் போகும்போது சாரதியின் ஓட்டத்தைப் பற்றி முறையிட தேசிய போக்குவரத்து ஆணைக்குழு 1955. மலை மறைவில் தொடர்பு கிடைக்காமல் போகலாம் என்பதால், ஹட்டனைத் தாண்டும்போது வீட்டுக்கு ஒரு அழைப்பு எடுத்து, எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிடுங்கள்.

சிவனின் ஒளிபாதம் என்று நாம் வணங்கும் மலையைப் பௌத்தர்கள் ஸ்ரீபாதம் என்கிறார்கள். முஸ்லிம் சகோதரிகள் பாவா ஆதம் மலை என்கிறார்கள். மொறோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344இல் இந்த மலைக்கு ஏறியபோது, பாறையில் பிடித்து ஏறச் சங்கிலிகள் இருந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார். பின்னால் வருகிறவர் விழக்கூடாது என்று யாரோ முன்பு போனவர்கள் அடித்து வைத்த சங்கிலிகள் அவை. உங்கள் ஊரில் இந்தப் பருவத்தில் போய் வந்தவர்கள், எந்த இடத்தில் வீதி மோசமாக இருந்தது, எந்த வாகனத்தை நம்பலாம், என்ன கேட்டீர்கள், என்ன கேட்க மறந்தீர்கள் என்பதை அடுத்ததாகப் போகிறவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். நமது சங்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் போதும்.